அரிச்சுவடி முதல் ‘எண்ணும் எழுத்தும்’ வரை

மலர்க் குழுவினர், “நீயும் ஏதாவது எழுதிக் கொடுப்பா” என்று கேட்டபோது, மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் என்று நான் எதையாவது எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் அ, ஆ, இ, ஈ! சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லும் இலக்கணமும் எப்படிச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறோம் என்கிற பழங்கதை. பொறியியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இந்தக் கட்டுரையை நீங்கள் வாசிக்க முடிவதே யாரோ ஒருவர் நமக்கு ஒன்றாம் வகுப்பில் செய்த வேலையால்தான்.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். ஹாஸ்டலில் முதல் நாள் “எந்த ஊருப்பா?” என்று கேட்டவர்களிடம் “போடி” என்று சொல்லி நான் பட்ட பாடு நம் பேட்ச் நண்பர்களுக்கு நினைவிருக்கும். ஊர்ப் பெயரே ஏவல் வினையாக அமைந்தவர்களுக்கு இலக்கணத்தில் கொஞ்சம் அக்கறை இருப்பது நியாயம்தானே!

மணலும் ஓலையும்

தமிழ் எழுத்து மொத்தம் 247 என்று சொன்னவுடன் மிரளாத பிள்ளை இல்லை. பிள்ளை என்ன, பெற்றோரே மிரளுகிறார்கள். ஆனால் தொல்காப்பியர் எழுத்துகள் முப்பது என்றுதான் கணக்குச் சொன்னார். உயிர் 12, மெய் 18. சார்ந்து வருபவை மூன்று, அவற்றில் ஒன்று ஆய்தம். மீதி 216-ம் பன்னிரண்டுக்குப் பதினெட்டு கட்டம் போட்ட ஓர் அட்டவணைதான். நாம் முதலாண்டில் படித்த மேட்ரிக்ஸ் மாதிரி. ஒரு வரிசை புரிந்துவிட்டால் மற்ற வரிசைகள் பெரும்பாலும் தானே விளங்கும். இந்த ஒழுங்கைத்தான் நம் திண்ணைப் பள்ளிகள் பாட்டாகச் சொல்ல வைத்துப் பிள்ளைகளின் நாக்கில் ஏற்றின.

அந்தப் பள்ளிக்குக் கட்டடம் கிடையாது. ஒரு வீட்டுத் திண்ணை, கீழே பரப்பிய மணல், பிள்ளையின் ஆள்காட்டி விரல். எழுத்தை வாயால் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுத வேண்டும். காதும் வாயும் கையும் கண்ணும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். கை பழகிய பிறகு ஓலையும் எழுத்தாணியும். அரிச்சுவடி முடிந்தால் எண்சுவடி. பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன். அகர வரிசையில் அமைந்த ஆத்திசூடி நீதி நூலாக மட்டுமில்லாமல் எழுத்துப் பயிற்சிக்கும் உதவியது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்றதும் இப்படித்தான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். சில ஆண்டுகளில் தமிழில் புத்தகம் அச்சடிக்கும் அளவுக்குத் தேறினார்.

சொல் சேர்த்த விதம்

எழுத்து வந்துவிட்டது, சொல் வளம் எப்படி வரும்? அதற்கு நிகண்டு இருந்தது. மண்டல புருடர் செய்த சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று சொற்களை இனம் இனமாகப் பிரித்துச் செய்யுளில் கட்டியிருப்பார். பதினோராவது தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. பாட்டாக இருந்ததால் பிள்ளைகள் சுலபமாக மனப்பாடம் செய்தார்கள். அர்த்தம் புரிந்ததா என்பது வேறு விஷயம்! புரிவதற்குச் சில வருஷம் ஆனாலும் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

1594-இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு எழுதிச் சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தார். 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்திலேயே தெளிவாகக் காட்ட வழி செய்தவரும் அவர்தான் என்பார்கள். அதற்கு முன் புள்ளி விடுபட்ட ஓலையில் குறிலா நெடிலா என்று இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய உபகாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

திண்ணையில் இன்னொரு சுவையான பழக்கமும் இருந்தது. உ.வே.சாமிநாதையர் தம் சுயசரிதையில் சொல்கிறார்: மாலையில் வீட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர்கள் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலை வந்ததும் ஒவ்வொருவனும் தன் பெயரை மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். சொல் பயிற்சிக்கு இதைவிட எளிய முறையை நான் பார்த்ததில்லை. செலவு ஒரு பைசா கிடையாது. ஆனால் ஒன்று தேவை. காலையில் ஒவ்வொரு பிள்ளை சொல்வதையும் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இந்த ‘கேட்க ஓர் ஆள்’ என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இதே ஆள்தான் வரப்போகிறார்.

எழும்பூரிலிருந்து லண்டனுக்கு

திண்ணையில் அந்த ஆள் யார்? வாத்தியார் ஒருவர்தான். அத்தனை பேரையும் அவரால் கேட்க முடியாது. ஆகவே சட்டாம்பிள்ளை என்று ஒருவன். கொஞ்சம் மூத்த மாணவன், இளையவர்களின் பாடத்தைக் கேட்பான், திருத்துவான்.

1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளி ஒன்று ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் பொறுப்பில் வந்தது. ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்த அவர், அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் முரண்டு பிடித்தார்கள். மனுஷர் அசரவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பையே ஒப்படைத்தார். பையன் வெற்றிகரமாக நடத்திக் காட்டினான். ஊர் திரும்பிய பெல் 1797-இல் இதைப் புத்தகமாக வெளியிட, இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பரவியது. நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை இது.

மன்றோ எடுத்த கணக்கு

சென்னை ராஜதானியின் கவர்னர் சர் தாமஸ் மன்றோ 1822-இல் கலெக்டர்களிடம் நாட்டுப் பள்ளிகளின் கணக்குக் கேட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் வந்த எண்ணிக்கை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அன்றைய ராஜதானியின் மக்கள் தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இந்த ஆவணங்களைத் தரம்பால் 1983-இல் நூலாகத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் நம்மில் பலருக்கு விஷயமே தெரியவந்தது.

இதைப் படித்துவிட்டு “ஆஹா, அந்தக் காலம்!” என்று பெருமூச்சு விடுவதற்கு முன் அதே கணக்கின் இன்னொரு வரியையும் பார்க்க வேண்டும். அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமே இல்லை. இடம் கிடைத்தவனுக்கும் பிரம்பும் கோதண்டமும் காத்திருந்தன. பாடம் கேட்க ஆள் இருந்தார், உண்மை. யாருடைய பாடத்தைக் கேட்டார் என்பதுதான் கேள்வி.

அச்சில் வந்த இலக்கணம்

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார். பாடம் சொல்லப் புத்தகம் இல்லை. தாமே எழுதி, தாமே அச்சகம் வைத்துப் பாலபாடங்களை வெளியிட்டார். சின்னச் சின்ன வாக்கியம், படிப்படியாக ஏறும் கடினம், நிறுத்தக் குறிகள் போட்ட உரைநடை. அதுவரை இலக்கணம் என்றால் பவணந்தியாரின் நன்னூல் சூத்திரம் மனப்பாடம். நாவலர் அதை உரைநடையில் இலக்கணச் சுருக்கமாகவும், கேள்வியும் பதிலுமாக இலக்கண வினாவிடையாகவும் ஆக்கிக் கொடுத்தார். கேள்வி பதில் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கேட்டால்தான் இன்னொருவர் பதில் சொல்ல முடியும்.

அரசாங்கம் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தேர்ச்சிக்குத் தக்க மானியம் என்று ஒரு முறை. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், தேறியவர்களுக்குத் தக்கபடி பணம். தினமும் கேட்ட காது போய், வருஷத்துக்கு ஒருமுறை கேட்கும் காது வந்தது! சோதனைக்கு எது வருமோ அதுவே பாடம் ஆனது. இந்த வியாதி இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

மலைக்கு ஏறிய தமிழ்

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். தாமஸ் மன்றோ பள்ளிகளை எண்ணி ஐம்பது வருஷம் கழித்து, 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற இன்னொரு மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். தேயிலை வந்தது; அதற்குத் தெற்கே ஏலமலையில் ஏலக்காய். வேலைக்கு ஆட்கள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஏறினார்கள். மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வே வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்கு வந்த காலமும் உண்டு. சரக்கு இறங்கியது, சனம் ஏறியது. அவர்களோடு தமிழும் ஏறியது. பள்ளிக்கூடம் மட்டும் மெதுவாகத்தான் ஏறியது.

1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்ய முதலாளியைக் கட்டாயப்படுத்தலாம் என்றது. பெரிய தேயிலைத் தோட்டங்களுக்கு இது பொருந்தியது. ஏலத்தோட்டங்களில் நிறைய சின்னத் தோட்டங்கள். பத்துப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இந்த எண் என்ன செய்யும்?

1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தன. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு போடிமெட்டில் விழுந்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் சாரம். இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பாடுபடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்து வேலை மாறினால் குடும்பம் மாறும். பிள்ளை இந்தப் பக்கம் ஒரு வருஷம், அந்தப் பக்கம் ஒரு வருஷம். தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி என்று இரண்டிலும் கால் ஊன்றாமல் நிற்கும். இப்போது வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்களும் ஏலத்தோட்டங்களுக்கு வந்துவிட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழிச் சுமை.

அடிவாரத்துக் கதை வேறு. போடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் விடியும் முன்னே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. களை எடுப்பு, காய் எடுப்பு முடித்து இருட்டுகிற நேரத்துக்குத்தான் அம்மா வீடு திரும்புவாள். “இன்னிக்கு என்னடா படிச்ச?” என்று கேட்க நேரமும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை.

அடிக்கடி மாறிய முறைகள்

காமராஜர் ஆட்சியில் 1956-இல் மதிய உணவு வந்தது, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் சத்துணவாக விரிந்தது. மன்றோவின் கணக்கில் வராத வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். இது நம் மாநிலம் செய்த மகத்தான காரியம். இடையே 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் பழைய கொக்கிகளையும் தும்பிக்கைகளையும் விட்டு மற்ற எழுத்துகளைப் போலவே நேராயின. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் கடைப்பிடித்து வந்த வடிவங்கள்தான் இவை. நான் மேலே சொன்ன அட்டவணையில் விதிவிலக்குகள் குறைந்தன. பொறியாளன் மனசுக்குப் பிடித்த சீர்திருத்தம்!

ஆனால் வகுப்பு நிறைந்ததும் பழைய கேள்வி திரும்ப வந்தது. சின்னக் கணக்குப் போடுங்கள். நாற்பது நிமிஷ வகுப்பு, முப்பது பிள்ளைகள். ஆசிரியர் வேறெதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிஷம் இருபது வினாடி. 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்புகளோ ஐந்து. மலைப் பள்ளிகள் பலவற்றில் இதுதான் நிலை.

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-இல் மாநிலம் முழுதும் வந்தது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியின் அனுபவத்தைப் பார்த்து எடுத்தது. அட்டைகள், கற்றல் ஏணி, சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம். அ, ஆ-வில் தொடங்காமல், எழுதச் சுலபமான ட, ப, ம போன்ற எழுத்துகளைப் பிடித்து உடனே படம், பட்டம் என்று சொல்லுக்குப் போகும் வழி இன்று நமக்குப் பழகிவிட்டது. முதல் வாரத்திலேயே பிள்ளை ஒரு சொல்லை வாசித்துவிடுகிறது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை.

கொரோனாவில் பள்ளிகள் மூடின. பிரதம் அமைப்பின் ‘அசர்’ ஆய்வில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர். 2022-இல் சுமார் ஐந்து பேர். பத்தே குறைவு, அதிலும் பாதி போய்விட்டது. அரசு 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கித் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை உட்கார வைத்தது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’. பிள்ளைகளை வயதை வைத்து அல்லாமல் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். 2024 ஆய்வில் நிலைமை தேறியிருந்தது. தெருத் தன்னார்வலர் யார் என்கிறீர்கள்? நம் பழைய சட்டாம்பிள்ளைதான், பிரம்பு இல்லாமல்!

ஏலம் சொல்லித் தரும் இலக்கணம்

நானும் இரண்டு வருஷமாக, வேலையிலிருந்து ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்காருகிறேன். இலக்கணம் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை. அவர்கள் வீட்டுச் சொல்லை எடுப்பேன். ஏலமும் காயும் சேர்ந்தால்? “ஏலக்காய்.” தோட்டம் சேர்ந்தால்? “ஏலத்தோட்டம்.” செடி? “ஏலச்செடி.” மலை? “ஏலமலை.” இப்போது ‘ம்’ எங்கே போச்சு, புதுசா எது வந்துச்சு என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் அவர்களே விதியைச் சொல்லிவிடுகிறார்கள். வல்லினம் வந்தால் மகரம் கெட்டு அந்த வல்லினம் இரட்டிக்கும் என்று நாம் உருப்போட்ட புணர்ச்சி விதிதான் அது.

தென்பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரம் ஆகிவிடும். மழை ‘மளை’ ஆகும், பழம் ‘பளம்’ ஆகும். திட்டினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “மலையில மழை” என்று பத்துத் தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னால் நாக்கு எங்கே மடங்குகிறது என்று அதுவே கண்டுபிடிக்கும். மெட்டு என்றால் மலைக் கணவாயும் உண்டு, பாட்டு மெட்டும் உண்டு. ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: “சார், ஏலம்னா எந்த ஏலம்? எங்கம்மா போற ஏலமா, எங்க மாமா போற ஏலமா?” அம்மா போவது தோட்டத்துக்கு; மாமா போவது ஏலக்காய் ஏலம் விடுகிற மையத்துக்கு. கூவி விற்கும் ஏலம் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்த சொல் என்பார்கள். செடி ஏலம் நம்முடையது. சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதியை அந்தப் பெண் ஒரே கேள்வியில் திறந்துவிட்டாள்.

கேட்க ஓர் ஆள்

முன்னூறு வருஷக் கதையைப் புரட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான். மணல், ஓலை, அச்சு, அட்டை என்று சாதனம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எது பலன் தந்ததோ அதிலெல்லாம் பிள்ளை வாய்விட்டுச் சொல்வதைத் தினமும் கேட்க ஓர் ஆள் இருந்தார். அந்த ஆள் எடுபட்ட காலத்தில் எந்த முறையும் நொண்டியடித்தது. திண்ணை எல்லோரையும் உள்ளே விடவில்லை. நம் காலம் எல்லோரையும் உள்ளே விட்டது. எல்லோரையும் கேட்கும் வேலைதான் பாக்கி. ஆசிரியரிடம் உள்ள அந்த ஒன்றேகால் நிமிஷத்தை மட்டும் நம்பி அதை முடிக்க முடியாது.

நம் கல்லூரி நண்பர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். பள்ளிக்குக் கட்டடம், நாற்காலி, கம்ப்யூட்டர் என்று சங்கத்தின் வழியே கொடுத்து வருகிறோம். நல்ல காரியம், தொடரட்டும். அதோடு வாரம் ஒரு மணி நேரம், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்கார வைத்து ஒவ்வொருவர் வாசிப்பதையும் பத்துப் பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள். போகும்போது ஆளுக்கொரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்புங்கள். இதற்குத் தமிழ்ப் புலமை வேண்டாம், பொறுமை போதும்.

போடியிலும் மலையடிவார ஊர்களிலும் இதற்குத் தயாராக இருக்கும் நண்பர்கள் சந்திப்பு நாளன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் என்னைப் பார்க்கலாம். எந்தத் தெரு, எந்தக் கிழமை என்று அப்போதே பேசி முடித்துவிடுவோம்.